செதுக்கிய கல்லின் குன்று

ஆயர் தாவாரிலிருந்து விடியுமுன் புறப்பட்ட பேருந்தில் ஆசிரியர் சிலரும் மாணவர் முப்பதின்மரும் இருந்தனர். வடக்கே கெடா மாநிலத்து மெர்போக்கு வரை செல்வது நம் நோக்கம். சுங்கைப் பட்டாணியைத் தாண்டியதும் ஜெராய் மலை இடப்புறம் எழுந்தது. அப்போது ஒரு மாணவர் கேட்டார்: "ஐயா, அங்கே இருப்பது இராசேந்திர சோழன் கட்டிய கோயில்தானே?" பேருந்தில் பலர் தலையசைத்தனர், ஆசிரியர் சிலரும் அசைத்தனர். நாம் உடனே மறுமொழி கூறவில்லை. இக்கட்டுரையை அந்த வினாவுக்கு நாம் தரும் விடை எனக் கொள்ளலாம்.

ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரம். கடலிலிருந்து வருவோர்க்கு முதலில் தெரியும் நிலக்குறி அதுவே. அதன் தென்சரிவில், மெர்போக் சிற்றாற்றின் கரையில், அருங்காட்சியகத்துக்குப் பின்னே ஏறிச் செல்லும் பாதையின் முடிவில் இருக்கிறது நாம் காணச் சென்ற கோயில். மலையின் உச்சியிலும் பழங்கட்டட எச்சங்கள் கண்டறியப்பட்டதுண்டு. ஆயினும் இன்று முழு உருவோடு நிற்பது சரிவிலுள்ள இதுவே. இதற்குப் பெயர் சண்டி புக்கிட் பத்து பஹாட். மலாய் மொழியில் புக்கிட் குன்று, பத்து கல், பஹாட் உளியால் செதுக்குதல். செதுக்கிய கல்லின் குன்று என்று பொருள் கொள்ளலாம். இது கோயிலின் பெயர் அன்று. கோயில் என்று எவரும் அறியாத காலத்தில், காட்டுக்குள் உளிபட்ட கற்களைக் கண்டவர்கள் இட்ட இடப்பெயர். நம் ஆயர் தாவாரும் இவ்வகையினதே: உப்புக் கரிக்காத நன்னீர் கண்டவர் இட்ட பெயர். இடப்பெயர்கள் பெரும்பாலும் மன்னரை நினைப்பதில்லை. கண்ணில் பட்டதையும் நாவில் பட்டதையுமே நினைக்கின்றன.

'சண்டி' என்ற சொல்லைக் கேட்டு மாணவர் சிரித்தனர். அவர்கள் வீட்டில் அச்சொல்லுக்கு அடம்பிடிக்கும் பிள்ளை என்று பொருள். மலாயில் அது பழங்காலக் கோயிலின் இடிபாட்டைக் குறிக்கும். அதே மலாயில், இன்று பூசை நடக்கும் இந்துக் கோயிலுக்குக் 'குயில்' என்று பெயர். நம் 'கோயில்' அங்கே சென்று பெற்ற வடிவம் அது. மணி ஒலிப்பது குயில், ஒலி நின்றுபோனது சண்டி என்று மலாய் மொழி தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. நாமோ இரண்டையும் கோயில் என்றே சொல்லி, இரண்டுக்கும் ஒரே வரலாற்றை எழுதிவிடுகிறோம்.

இப்பள்ளத்தாக்கின் எச்சங்களை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜேம்ஸ் லோ என்னும் பிரித்தானிய அலுவலர் குறித்து வைத்தார். 1930களின் பிற்பகுதியில் குவாரிட்ச் வேல்ஸ் தம் மனைவியோடு வந்து அகழ்ந்து, ஒவ்வோர் இடத்துக்கும் எண் கொடுத்தார். புக்கிட் பத்து பஹாட் எட்டாம் எண். பெயர் தெரியாததால்தான் எண் வந்தது என்பதை மாணவர் கவனிக்க வேண்டும். பின்னர் அலஸ்டர் லாம்ப் இதனை முழுமையாக அகழ்ந்து, சிதறிய கற்களை மீண்டும் அடுக்கச் செய்து, 1960இல் அறிக்கை வெளியிட்டார்.

கட்டடத்தில் கருவறையைத் தாங்கிய விமானப் பகுதியும் அதன் முன் மண்டபமும் உள்ளன. இந்த அமைப்பு தமிழகக் கோயில் கண்டவர்க்கு அந்நியமானதன்று. ஆனால் மண்டபத்தில் கல்தூண் இல்லை. தூணின் அடியைத் தாங்கும் கற்களே வரிசையாக நிற்கின்றன. தூண்கள் மரத்தால் ஆனவை, மட்கிப் போயின. கூரையும் அவ்வாறே. மழை மிகுந்த நாட்டில் மரத்தைக் கல்லின்மேல் நிறுத்திக் கட்டுவது இம்மண்ணின் தச்சருக்கு இயல்பான முறை. தெற்கிலிருந்து வந்த வழிபாட்டுக்கு இங்குள்ளவர் கை வடிவம் கொடுத்திருக்கிறது என்பதே நம் துணிபு. காலம் பற்றி அறிஞர் ஒத்துப்போகவில்லை. வேல்ஸ் பல்லவர் காலத்தை நினைத்தார். பின்வந்தோர் பலர் 10ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டதாகக் கருதுகின்றனர். சிவன் கோயில் என்பது பெரும்பான்மைக் கருத்து.

இராசேந்திரன் எங்கே வருகிறான்? 1025இல் அவன் கடற்படை கடாரத்தைத் தாக்கியதைத் தஞ்சைக் கல்வெட்டின் மெய்க்கீர்த்தி கூறுகிறது. அரசனைப் பிடித்ததையும், யானைகளையும் செல்வத்தையும் கவர்ந்ததையும் விரிவாகக் கூறும் அம்மெய்க்கீர்த்தி, கோயில் எடுத்ததாக ஒரு சொல்லும் கூறவில்லை. தன் புகழை எண்ணியெண்ணிப் பொறித்த அரசன் கடல் கடந்து ஒரு கற்றளி எடுப்பித்து, அதை மட்டும் மறந்திருப்பானா? படையெடுப்புக்கு ஏறத்தாழ இருபதாண்டுகள் முன்பு அவன் தந்தை இராசராசன் காலத்தில் உறவு வேறு விதமாக இருந்தது. கடாரத்து அரசன் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுந்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் வழங்கப்பட்டதை இலெய்டன் செப்பேடு சொல்கிறது. ஆக, அங்கிருந்து வந்தவர் இங்கே பௌத்தப் பள்ளி எடுத்ததற்குச் சான்று உண்டு. இங்கிருந்து சென்ற அரசன் அங்கே கோயில் எடுத்ததற்கு இல்லை.

பெயர்ச் சான்றிலும் எச்சரிக்கை வேண்டும். பட்டினப்பாலையில் வரும் காழகம் கடாரமே என்று மேடைதோறும் கேட்கிறோம். அவ்வாறு பொருள் உரைத்தவர் நச்சினார்க்கினியர். பாட்டுக்கும் உரைக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி இருக்கிறது. உரைகாரர் தம் காலத்து அறிவால் சொன்னார். தவறென்று தள்ளவும் நமக்குத் துணிவில்லை. ஆனால் காழகம் என்ற வடிவம் கடாரம் ஆவதற்குரிய ஒலிமாற்றத்தை மொழியியல் வழியில் காட்டுவது எளிதன்று. வடமொழியில் கடாகம், தமிழில் கடாரம் என்ற இரண்டுக்கும் கொப்பரை என்னும் பொருள் உண்டு. அவை இணைவதில் ஐயமில்லை. காழகத்தைத் தனியே வைத்து ஆராய்வதே முறை.

தமிழ் இக்கடற்கரைகளில் எழுத்தாக இருந்ததே இல்லையா? இருந்தது. தாய்லாந்தின் தக்குவாபாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. அவனிநாரணம் என்னும் குளத்தையும், அதனைக் காக்கும் பொறுப்புடைய மணிக்கிராமத்தாரையும் அது சொல்கிறது. சுமத்திராவின் பாருசில் 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவைப் பேசுகிறது. இரண்டும் வணிகக் கூட்டத்தாரின் எழுத்துகள். ஒன்றில் பேசப்படுவது ஒரு குளம். புக்கிட் பத்து பஹாட்டில் அத்தகைய கல்லொன்று நமக்குக் கிடைக்கவில்லை. தமிழர் தொடர்பு இருந்திருக்கலாம். யார் எழுப்பினார் என்று கல் கூறாதபோது நாம் பெயர் சூட்டலாகாது.

இவ்வளவும் கேட்டு மாணவர் முகம் சற்று வாடியது உண்மை. அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தபின் அது மாறிற்று. கோயிலின் அடியில் லாம்ப் கண்டெடுத்த கல் பேழைகளைப் பற்றிய பகுதி அங்கே உண்டு. பேழைக்குள் ஒன்பது குழிகள். நடுவில் ஒன்று, சுற்றிலும் எட்டு. பொன் தகட்டுத் துண்டுகளும் மணிக்கற்களும் சிறு செப்புக் கலமும் அவற்றோடு கிடைத்தன. விளக்கப் பலகையைப் படிக்குமுன்பே, தோட்டத்தில் வளர்ந்த ஒரு மாணவி, "இது எங்கள் கோயில் குடமுழுக்கில் வைத்தது" என்றார். அவர் சொன்னது சரி. சிலையை நிறுத்துமுன் பீடத்தின் அடிக்குழியில் இயந்திரத் தகட்டை வைத்து, நவமணியும் காசும் இட்டு மூடுவதை அவர் கண்டிருக்கிறார். நாமும் நம் சிறு வயதில், ஆயர் தாவாரை அடுத்த ஒரு பால்மரத் தோட்டத்தில், மாரியம்மன் பீடத்துக்கு முன் வரிசையில் நின்றிருக்கிறோம். ஒற்றை மூக்குத்தியைக் கழற்றிக் குழியில் இட்டுவிட்டு, வெறும் மூக்கோடு மறுநாள் மரம் வெட்டப் போன பெண்ணை நமக்குத் தெரியும்.

இதனைக் கருப்பநியாசம் என்று சிற்ப நூல்கள் கூறும். மயமதம் இப்பேழையை அறைகளாகப் பகுக்கச் சொல்கிறது. ஆயினும் இதை மட்டும் கொண்டு தமிழர் கோயில் என்று முடிவு கட்ட இயலாது. இலங்கையில் புத்தர் சிலைக்கு அடியிலும் இத்தகைய குழிக்கல் வைப்பதுண்டு. சிங்களத்தில் யந்திரகல என்பர். சாவகத்துச் சண்டிகளிலும் இவ்வழக்கு இருந்தது. நாம் அந்த மாணவியிடம் சொன்னது இவ்வளவே: கட்டியவர் யாரென்று தெரியவில்லை; அவர் செய்தது என்னவென்று உனக்குத் தெரிந்திருக்கிறது. ஆங்கிலேய ஆய்வாளர் நூல் புரட்டி அறிந்ததை நீ பார்த்தவுடன் அறிந்தாய்.

இப்பள்ளத்தாக்கில் பதினோராம் எண் தொல்லிடம் இன்று இல்லை. தனியார் நிலத்தில் இருந்த அந்தச் சண்டியை, நில மேம்பாட்டுப் பணியின்போது இயந்திரங்கள் தகர்த்துவிட்டன. 2013இல் செய்தி வெளிவந்தபோது நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது. எழுந்தது நன்று. அதே ஆண்டுகளில், தோட்டங்கள் கைமாறிப் பால்மரம் செம்பனையாகவும் செம்பனை வீடுகளாகவும் மாறியபோது, எத்தனையோ தோட்டக் கோயில்கள் அகற்றப்பட்டன. அவற்றுக்கு எண்ணும் இல்லை. அளந்து வரைந்த படமும் இல்லை. நம் மூக்குத்திக் குழி இருந்த இடத்தை அண்மையில் தேடிச் சென்றோம். செம்பனை நிரைகளுக்கு நடுவே திசை பிடிபடவில்லை.

திரும்பி வரும்போது, காலையில் வினா எழுப்பிய மாணவர் நம் அருகில் வந்து அமர்ந்தார். அவர் பாட்டி இருந்த தோட்டத்திலும் ஒரு கோயில் இருந்ததாம். அதன் பெயரைக் கேட்டு எழுதி வருவதாகச் சொன்னார். மறுவாரம் ஒரு தாளைக் கொண்டு வந்தார். "பத்தாம் நம்பர் மாரியாத்தா" என்று அதில் இருந்தது. பத்து என்பது லயத்தின் எண்ணா, தீம்பாரின் எண்ணா என்று பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லியிருக்கிறோம்.