ஒன்றை இருமுறை படம்பிடித்தவர்

ழான் யூஸ்டாஷைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவர் சாவிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். 1981 நவம்பரில், 42 வயதில், பாரீஸில் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார். அங்கிருந்து பின்னோக்கிப் போய், படங்களையெல்லாம் அந்தச் சாவுக்கு முன்னறிவிப்பாகப் படித்துவிடுவது சுலபம். எனக்கு இதில் உடன்பாடில்லை. நான் அவரிடம் காண்பது, மறைந்துகொண்டிருப்பதைப் பதிவு செய்துவிட வேண்டும் என்ற பிடிவாதம்.

1938இல் போர்தோ நகரை ஒட்டிய பெஸ்ஸாக்கில் பிறந்தவர். ரயில்வேயில் தொழிலாளியாக இருந்தவர். 'சாண்டா கிளாஸின் கண்கள் நீலம்' (1966) என்ற படத்தை, கொதார் 'ஆண்பால் பெண்பால்' எடுத்தபோது மிஞ்சிய ஃபிலிமைக் கொண்டு எடுத்தார். சுயேச்சை என்பது அவருக்குக் கோஷமல்ல. கிடைத்த ஃபிலிமுக்குள் வேலை செய்வது.

மே கிளர்ச்சி நடந்த 1968இல் அவர் எடுத்தது, ஒழுக்கத்துக்காக ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து முடிசூட்டும் சொந்த ஊர்ச் சடங்கை. 1979இல் அதே ஊர், அதே சடங்கு, மறுபடியும். சடங்கு மாறாததால்தான் காலம் மாறியிருப்பது கண்ணில் படுகிறது. 1971இல் தன் பாட்டி ஓதெத் ரொபேரை மேஜைமுன் உட்காரவைத்துப் பேசவிட்டார். பேச்சு அறுந்துவிடக் கூடாதென்று இரண்டு காமிராக்கள் மாறிமாறி ஓடின.

'அம்மாவும் வேசியும்' (1973) மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடுவது. கான் விழாவில் ஜூரியின் விசேஷப் பரிசு பெற்றது. அதில் காபிக்கடைப் பேச்சு தானாக வருவதுபோல இருக்கும். ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் எழுதப்பட்டது. நடிகர்கள் ஒன்றையும் மாற்ற அவர் இடம்கொடுக்கவில்லை. 1977இல் 'ஒரு அசிங்கமான கதை'யில் ஒரே கதையை இருவர் சொல்கிறார்கள்: முதலில் நடிகர் மிஷேல் லோன்ஸ்தால், பிறகு கதைக்கு உரிய ழான்-நொயேல் பிக். நகல் முன்னால், அசல் பின்னால். பார்த்து முடித்ததும் எது அசல் என்ற நம் நிச்சயமே ஆட்டம் காண்கிறது. பதிவுக்கும் புனைவுக்கும் நடுவே நாம் சௌகரியத்துக்காகப் போட்டுவைத்த கோடு அவருக்கு இல்லை.

'என் சின்னக் காதலிகள்' (1974) வசூலில் தோற்றது. அதன்பின் முழுநீளக் கதைப்படம் அவர் எடுக்கவில்லை. வெகுகாலம் நல்ல பிரதியில் பார்ப்பதற்கே அரிதாயிருந்த 1973ஆம் வருஷப் படம், புதுப்பிக்கப்பட்டு 2022இல் கானில் மீண்டும் திரையேறியது. இனி யூஸ்டாஷைச் சாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. பாட்டியின் குரலிலிருந்து ஆரம்பிக்கலாம்.