ஹெல்சிங்கியிலிருந்து ஜகார்த்தா வரை

ஒரு கால்பந்து அணியைத் தூக்கி நிறுத்த ஒரு கோச்சுக்கு எத்தனை வருடம் தரலாம்? இப்போதெல்லாம் ஒரு சீசன் தோற்றாலே ஆளை மாற்றிவிடுகிறார்கள். இதற்கு நம் நாட்டுக் கணக்கு ஒன்று இருக்கிறது.

ஹைதராபாத் சையத் அப்துல் ரகீம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பொறுப்பேற்ற புதிதிலேயே, 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் நமக்குத் தங்கம். மறு வருடமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று படுதோல்வி. நம்மவர்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். பூட்ஸ் கட்டாயமானது அதன் பிறகுதான்.

அந்த ஒரு தோல்விக்காக ரகீமைக் கைவிட்டுவிடவில்லை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கும் அவரே கோச். ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று நான்காம் இடம் பிடித்தோம். அந்த அணியில் பி. கே. பானர்ஜி, பலராம், கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் ஆகிய இளைஞர்கள் இருந்தார்கள். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்று வீழ்த்தியபோதும் இந்த மூவரும் களத்தில் இருந்தார்கள். முதல் கோல் பானர்ஜி போட்டது.

அப்போதே ரகீமைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. 1963 ஜூன் மாதம் காலமானார். அந்தத் தங்கம் அதன் பிறகு நம் பக்கம் வரவே இல்லை.

ஆக, விழுந்த அணி தலைநிமிர நான்கு வருடம். மறுபடி தங்கம் வாங்கப் பத்து வருடம்.