நம் ஊர் அரசுப் பள்ளி: பாடம் யாருடையது, பணம் யாருடையது?

நம் குடியிருப்பின் வாசலில் துணி தேய்த்துத் தரும் அம்மாவை எல்லோருக்கும் தெரியும். 2025 மே 13 அன்று சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. சில வாரம் கழித்து அவர் மகள் மதிப்பெண் சான்றிதழை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். பின்னாலேயே அம்மாவும் வந்தார். "சார், இதுல மொத்தம் எவ்ளோன்னு எங்க போட்டிருக்கு?"

நானும் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தேடினேன். பாடவாரியாக மதிப்பெண் இருக்கிறது, கிரேடு இருக்கிறது, எண்ணும் எழுத்தும் இருக்கிறது. மொத்தம் இல்லை. அந்த வாரியம் கூட்டுத்தொகை போடுவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. முப்பத்தைந்து வருடம் கூட்டிக் கூட்டியே பிழைத்தவன் நான். பின்பக்கம் பென்சிலால் கூட்டிக் கொடுத்தேன். அம்மாவுக்குத் திருப்தி. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்தக் காகிதம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டிருந்தது. அதுபோல அம்மா அப்பாவால் படிக்க முடியாத ஒரு சான்றிதழ் எங்கள் வீட்டிலும் உண்டு.

மறுநாள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். என் அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில் பாஸ் செய்த "செர்த்திஃபிகா" அதில் இருக்கிறது. என் பாட்டிக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். அதற்குக் கீழே என்னுடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், மதராஸ் முறையில் பதினோராம் வகுப்பில் வாங்கியது. அதற்கும் கீழே என் மகளின் பிளஸ் டூ சான்றிதழ், தமிழ்நாடு அரசுடையது. ஊர் ஒன்று, தெருகூட ஒன்றுதான். தேர்வு வைத்தவர்கள் மட்டும் வேறு வேறு. நம் ஊர் தனக்கென்று ஒரு வினாத்தாள் இதுவரை அச்சிட்டதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

பிரெஞ்சு ஆட்சியில் தெபாசின் தெ ரிஷ்மோன் ஆளுநராக இருந்தது 1826 முதல் 1828 வரை, சொற்ப காலம். அதற்குள் 1826-ல் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். இன்றைய லிசே பிரான்சே அதுதான். 1827-ல் பொது நூலகம் வந்தது. அதுதான் இன்றைய ரோமன் ரோலன் நூலகம். அதே ஆண்டு குளூனி கன்னியர் வந்தார்கள். 1844-ல் பெத்தி செமினேர். தொடக்கத்தில் பள்ளிக்கூடமே நிறமும் சாதியும் பார்த்துப் பிரித்ததாகத்தான் இருந்தது. அதனால்தான் 1877-ல் கலவை சுப்பராயச் செட்டியார் தம் பணத்தில் ஒரு பள்ளி தொடங்கியது பெரிய விஷயம். மிஷன் வீதியில் கலவைக் கல்லூரியைக் கடக்கும்போது பெயர்ப்பலகையைப் பாருங்கள். பின்னாளில் அது அரசாங்கத்தின் கைக்குப் போனது. ஊர்க்காரர் ஒருவர் முதல் போட்டு, நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொண்ட கணக்கு இது.

அங்கே படித்தவர்தான் பாரதிதாசன். 1909-ல் காரைக்கால் பக்கம் நிரவியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார்; 1946-ல் ஓய்வு பெற்றார். முப்பத்தேழு வருட அரசுச் சேவை, நடுவே ஊர் ஊராய் மாற்றல். புரட்சிக் கவிஞர் என்று சிலை வைத்திருக்கிறோம். அவர் மாதச் சம்பளம் வாங்கிய பிரெஞ்சு அரசுப் பள்ளி வாத்தியார் என்பது பாதிப் பேருக்கு மறந்துவிட்டது.

இன்னொன்றையும் மறந்துவிட்டோம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குச் சோறு என்றால் எல்லோரும் காமராஜரைச் சொல்வோம், எம்.ஜி.ஆரைச் சொல்வோம். சென்னை மாநகராட்சியில் அது 1920-களிலேயே தொடங்கியது. நம் புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகம் மதிய உணவைத் தொடங்கியது 1930-ல். 2002-ல் ராஜீவ் காந்தி பெயரில் காலைச் சிற்றுண்டித் திட்டம் வந்தது. சுடச்சுடப் பால் கொடுத்தார்கள். பாடத்தை வெளியிலிருந்து வாங்கிய ஊர், தட்டில் என்ன விழ வேண்டும் என்பதை மட்டும் அவ்வப்போது இங்கேயே முடிவு செய்திருக்கிறது. சரியான இடத்தில்தான் சுதந்திரத்தைக் காட்டியிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றும்.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு. 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கை மாறியது. ஒப்பந்தம் கையெழுத்தானது 1956-ல், சட்டப்படி முழுமையானது 1962 ஆகஸ்ட் 16-ல். பிரெஞ்சுக் கல்லூரி பிரெஞ்சுக்காரரிடமே இருக்கும் என்பதும் அந்த ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது. மற்ற பள்ளிகளுக்குப் பாடம் எங்கிருந்து? சிக்கல் அங்கேதான் பிறந்தது.

புதுச்சேரி என்பது ஒரே நிலப்பரப்பு அல்ல. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுக்குள், மாஹே கேரளத்துக்குள், யானம் ஆந்திரத்துக்குள். ஆகவே கல்வித் துறை ஒன்று, தேர்வு வாரியம் மூன்று. புதுச்சேரி, காரைக்கால் பிள்ளைகள் தமிழ்நாட்டுத் தேர்வு எழுதினார்கள்; மாஹே பிள்ளைகள் கேரளத் தேர்வு; யானம் பிள்ளைகள் ஆந்திரத் தேர்வு. ஒரே இயக்குநரின் கீழ் மூன்று மொழியில் பாடநூல், மூன்று கால அட்டவணை, மூன்று மதிப்பெண் முறை. ஒரு வங்கியின் நான்கு கிளைகள் மூன்று வேறு தலைமை அலுவலகத்தின் பேரேட்டை எழுதினால் ஆண்டு முடிவில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் அப்படித்தான் நடந்தது. 2011 கணக்கெடுப்பில் நம் பிரதேசத்தின் எழுத்தறிவு கிட்டத்தட்ட 86 விழுக்காடு. மோசமில்லை. ஆனால் அந்தச் சராசரிக்குள் மாஹே மிக மேலே, யானம் கீழே. சராசரி எப்போதுமே யாரையாவது மறைக்கும்.

சரி, நிர்வாகம் யாரிடம்? என் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அவளுக்கு வரும் சொத்துவரிச் சீட்டில் பள்ளிக்கு எவ்வளவு என்று தனி வரி இருக்கிறது. அந்த வட்டாரப் பள்ளிகளை நடத்தும் குழுவை அங்கே குடியிருப்பவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிடிக்கவில்லை என்றால் அடுத்த தேர்தலில் மாற்றுகிறார்கள். இங்கே நாம் கட்டும் வீட்டுவரி நகராட்சிக்குப் போகிறது. நகராட்சி பள்ளி நடத்துவதில்லை. பள்ளிகள் அண்ணா நகரில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் நூற்றாண்டுக் கல்வி வளாகத்திலிருந்து நடக்கின்றன. அதற்கு மேல் அமைச்சர், அதற்கு மேல் துணைநிலை ஆளுநர், அதற்கும் மேல் டெல்லி.

சரி, பள்ளியைப் பற்றிக் கேட்க ஒரு கவுன்சிலராவது இருக்கிறாரா? 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல். முப்பத்தெட்டு வருட இடைவெளி. 2011-ல் அவர்கள் பதவிக்காலம் முடிந்தது. 2021-ல் தேர்தல் அறிவித்தார்கள், நடக்கவில்லை. கடற்கரையில் நம் "மேரி" கட்டடம் 2014 மழையில் இடிந்து விழுந்தது. அழகாகத் திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். கட்டடம் வந்துவிட்டது, உள்ளே உட்கார வேண்டியவர்கள்தான் வரவில்லை.

டெல்லி எவ்வளவு தூரம் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் உள் ஒதுக்கீடு. 2020-ல் தமிழ்நாட்டில் 7.5 விழுக்காடு, அதே ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அதே 2020-ல் நம் அமைச்சரவை 10 விழுக்காடு என்று முடிவெடுத்தது. கோப்பு ஆளுநர் மாளிகைக்குப் போய், டெல்லிக்குப் போய், பலன் கிடைத்தது 2023-ல். நடுவே பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று எந்தக் கோப்பும் கணக்கு வைப்பதில்லை.

பணத்துக்கு வருவோம், இது என் பழைய தொழில். 2025-26-க்கு நம் பிரதேசத்தின் வரவுசெலவுத் திட்டம் 13,600 கோடி ரூபாய். இதைச் சட்டமன்றத்தில் வைக்கும் முன்பே குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். 1963-ஆம் ஆண்டு யூனியன் பிரதேசச் சட்டம் அப்படிச் சொல்கிறது. எந்த மாநிலத்துக்கும் இந்தக் கட்டாயம் இல்லை. இனி வேடிக்கையைக் கவனியுங்கள். ஜி.எஸ்.டி. சட்டத்தில் சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசம் "மாநிலம்". பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்திலும் நமக்கு மாநிலக் கணக்கே: மத்திய அரசு 60, நாம் 40. சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசத்துக்கு 100-ம் டெல்லியே தருகிறது. ஆனால் நிதிக்குழு மத்திய வரியைப் பங்கு பிரிக்கும்போது மட்டும் நாம் மாநிலம் இல்லை. 280-ஆவது பிரிவு மாநிலங்களைப் பற்றித்தான் பேசுகிறது. செலவில் பங்கு போடச் சொல்லும்போது மாநிலம், வரவில் பங்கு கேட்கும்போது யூனியன் பிரதேசம். கவுண்டரில் ஒரு வாடிக்கையாளரை இப்படி நடத்தியிருந்தால் அன்று மாலையே புகார்ப் புத்தகம் கேட்டிருப்பார்.

இந்தப் பின்னணியில்தான் சி.பி.எஸ்.இ. வந்தது. 2023-24-ல் ஆறு முதல் ஒன்பது வரையும் பதினொன்றும் மாறின. 2024-25-ல் பத்தும் பன்னிரண்டும். நான்கு பகுதிகளுக்கும் ஒரே வாரியம் என்பது நல்லதுதான். இத்தனை வருடக் குழப்பத்துக்கு ஒரு முடிவு. நம்மில் பலர் லட்சக்கணக்கில் கட்டி வாங்கிய பாடத்திட்டம் தேய்ப்புக்காரம்மாவின் மகளுக்குக் கட்டணமில்லாமல் கிடைக்கிறது என்பதும் சின்ன விஷயமில்லை. ஆனால் அவள் எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டுப் பாடநூல் படித்தவள். ஒன்பதில் திடீரென்று வேறு புத்தகம், பத்தில் பொதுத்தேர்வு. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ் ஒரு மொழிப்பாடம் மட்டும். ஓடும் பேருந்தில் ஓட்டுநரை மாற்றிய மாதிரி இருந்தது என்று ஒரு ஆசிரியர் என்னிடம் சொன்னார்.

அந்த முடிவு வந்த நாளிலிருந்து "தேர்ச்சி குறைந்துவிட்டது", "இல்லை, தரம் உயர்ந்துவிட்டது" என்று நம் வாட்ஸ்அப் குழுவிலேயே சண்டை. ஒரு பி.காம். பட்டதாரியாக ஒன்றே சொல்வேன்: கணக்கு வைக்கும் முறையை மாற்றிய வருடத்தின் லாபத்தை முந்தைய வருடத்தோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. தமிழ்நாட்டு முறையில் தேர்ச்சிக்கு 35, இங்கே 33. இங்கே 80 மதிப்பெண்ணுக்குத் தேர்வு, 20 பள்ளியே போடுவது. தனியார் பள்ளிகள் பல இன்னும் தமிழ்நாட்டுத் தேர்வே எழுதுகின்றன. ஆக ஊருக்குள்ளேயே இரண்டு தராசு. அரசுப் பள்ளியையும் தனியார் பள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முன்பு இருந்த ஒரே வசதியும் இப்போது போய்விட்டது. வேண்டுமானால் நாலைந்து வருடம் பொறுத்து, அரசுப் பள்ளியை அரசுப் பள்ளியோடு ஒப்பிடலாம். அதுவரை யார் ஜெயித்தது என்று பேசுவது வீண்.

இவ்வளவுக்கும் நடுவில் இங்கேயே, பள்ளி வளாகத்துக்குள்ளேயே ஒரு அதிகாரம் சட்டப்படி இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு: பள்ளி மேலாண்மைக் குழு. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி நடப்பதைக் கண்காணிக்கலாம், மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்கலாம், பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதலாம். அந்தத் திட்டமே அரசு தரும் மானியத்துக்கு அடிப்படை என்கிறது சட்டம். காகிதத்தில் பார்த்தால் அமெரிக்கக் குழுவுக்குச் சற்றே தூரத்து உறவு. நடைமுறையில் பல இடங்களில் கையெழுத்து வாங்குவதோடு சரி.

நம் தேய்ப்புக்காரம்மா அப்படி ஒரு குழுவில் உறுப்பினர். மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். மாதம் ஒருமுறை கூட்டம், காலை பத்தரைக்கு. கழிப்பறைக்குத் தண்ணீர் வராததையும் கணக்கு வாத்தியார் இடம் காலியாக இருப்பதையும் கேட்க வேண்டும் என்று என்னிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி மடித்து வைத்திருக்கிறார். மூன்று கூட்டமாகப் போக முடியவில்லை. "பத்தரைக்குத்தான் சார் எல்லார் வீட்டுத் துணியும் வருது. பன்னெண்டுக்குள்ள குடுக்கலைன்னா வாட்ச்மேன்கிட்ட சொல்லி அனுப்புறாங்க" என்றார்.

அடுத்த கூட்டம் வரும் மாதம் இரண்டாவது புதன்கிழமை. அன்று ஏ, பி, சி மூன்று பிளாக்கிலும் துணியை மாலை நான்கு மணிக்கு மேல் கொடுத்தால் போதும் என்று செயலாளர் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். என் இரண்டு வேட்டியும் வியாழக்கிழமை வரை காத்திருக்கும்.