கல்லும் கல்நெஞ்சும்

வெள்ளி விழா, பொன்விழா என ஆலயங்கள் விழாக் கொண்டாடும் போதெல்லாம் மலர் வெளியிடுவது நம் வழக்கம். அடிக்கல் நாட்டிய நாள், அபிஷேகமான நாள், கட்டடப் பணிக்கு உழைத்த பங்குத் தந்தையர், நன்கொடை அளித்த பெரியோர் ஆகிய எல்லாம் அதில் இடம்பெறும். அது நல்ல வழக்கமே. ஆனால் சுவரிலுள்ள கல் எங்கே பிறந்தது, அதை உடைத்த கை யாருடையது என்று கூறும் மலர்கள் அரிது. அக்குறையைச் சிறிதளவேனும் நீக்க எண்ணியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

இரக்கமற்றவனைக் 'கல்நெஞ்சக்காரன்' என்று ஏசுவது தமிழர் வழக்கு. பாபிலோனில் அடிமைப்பட்டிருந்த மக்களிடையே வாழ்ந்த எசேக்கியேல் இறைவாக்கினரும், கல்லான இதயத்தை அகற்றித் தசையான இதயத்தைத் தருவதாக ஆண்டவர் அளித்த வாக்குறுதியைத் தம் நூலின் 36-ஆம் அதிகாரத்தில் எழுதிவைத்தார். ஆனால் அதே விவிலியத்தில் சீமோனுக்கு ஆண்டவர் சூட்டிய பெயர் 'கேபா'. அதன் பொருள் பாறை என்பதே. அப்படியானால் கல் என்பது இழிவா, புகழா? சேலத்துக்காரர்களாகிய நமக்கு இக்கேள்வி வெறும் சொல் விளையாட்டு அன்று. நாம் கல்லின் நடுவிலே குடியிருப்பவர்கள்.

அஸ்தம்பட்டியிலிருந்து வடக்கே நோக்கினால் சேர்வராயன் மலை நிமிர்ந்து நிற்கிறது. அம்மலையின் கருங்கல்லைப் புவியியலார் 'சார்னோக்கைட்' என்பர். இப்பெயர் வந்த கதை விந்தையானது. 1693-இல் மாண்ட கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறை கல்கத்தாவில் உள்ளது. அதன்மேல் பதித்த கல், சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரம் பக்கத்திலிருந்து போனது. அக்கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்டு என்ற அறிஞர் 1893-இல் அந்தப் பாறை இனத்துக்கே இறந்தவரின் பெயரை இட்டார். நம் மலையின் கல்லும் அந்த இனமே. அதன் வயதோ ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள்! மலையடிவாரத்தில் கிடைக்கும் வெள்ளைக்கல்லாகிய மாக்னசைட்டின் புகழும் குறைந்ததன்று. சுட்டெடுத்துச் செங்கல்லாக்கினால், உருக்கு உலையின் உட்சுவராக நின்று பெருந்தீயைத் தாங்குவது அது.

இத்தகைய கல்லை மனிதன் எப்படி வென்றான்? பாறையின் ஓட்டம் அறிந்து, வரிசையாகத் துளையிட்டு, ஆப்புகளை இறக்கிச் சம்மட்டியால் மாறி மாறி அடிப்பான். ஓசை மாறுவதைக் காதால் கேட்டே, பாறை பிளக்கும் நேரத்தை அறிவான். சில இடங்களில் விறகு அடுக்கித் தீ மூட்டுவர். சூட்டில் பாறையின் மேற்பரப்பு விரிந்து, ஏடு போலக் கிளம்பும். பின்னர் வெடிமருந்தும் ஜல்லி உடைக்கும் இயந்திரமும் வந்தன. வேலை விரைந்தது. ஆனால் கல்தூள் நுரையீரலில் படிந்து மூச்சை அடைக்கும் சிலிகோசிஸ் என்னும் நோயும் உடன் வந்தது. அதைக் குணமாக்கும் மருந்து இல்லை.

நோயினும் கொடியது கடன். முன்பணம் வாங்கிய குடும்பம் தலைமுறையாகக் குவாரியை விட்டு நகர முடியாமல் கிடந்த கதை இந்நாட்டில் புதிதன்று. 1976-இல் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. ஆயினும் 1983-இல் அரியானா மாநிலத்துப் பரிதாபாத் கல் குவாரிகளின் தொழிலாளருக்காக உச்ச நீதிமன்றமே தலையிட்டு ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது. பிளந்தது பாறை, பிளவாதிருந்தது மனிதனின் நெஞ்சு!

நம் ஊரிலேயே ஒரு மதிலுண்டு. 1862-இல் எழுந்த சேலம் மத்தியச் சிறை அஸ்தம்பட்டியில்தான் உள்ளது. 1950 பிப்ரவரி 11 அன்று அங்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் மாண்டனர். அவர்கள் கம்யூனிஸ்டுகள். பெரும்பாலோர் அன்று சென்னை மாகாணத்தோடு இணைந்திருந்த மலபாரின் விவசாயப் போராட்டங்களில் ஈடுபட்டவர்கள். நாடு குடியரசாகி அப்போது பதினாறு நாள்களே ஆகியிருந்தன. அவர்கள் கொள்கை வேறு, நம் விசுவாசம் வேறு எனலாம். ஆயினும் சிறையில் இருந்தவனைப் பார்க்கச் சென்றாயா என்று கேட்கப்படும் இறுதித் தீர்வையின் கேள்வியில், அவன் எக்கட்சி என்ற கேள்வி இல்லை. அம்மதிலோரம் நாள்தோறும் போய்வருகிற நாம், உள்ளே இருப்பவரை ஒரு நாளேனும் நினைத்ததுண்டா? குளிர்ந்து கிடப்பது மதிலா, நாமா?

இன்னொரு காட்சி. 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த மேட்டூர் அணை 214 அடி உயரமும் 5,300 அடி நீளமும் கொண்ட மாபெரும் கட்டுமானம். அதன் நீர் தஞ்சைத் தரணியை வாழ்விக்கிறது. ஆனால் நீர் தேங்கிய இடத்தில் இருந்த ஊர்மக்கள் வீடு வாசலை விட்டுக் குடிபெயர்ந்தார்கள். பண்ணவாடியில், நீர்மட்டம் இறங்கும் கோடைகளில், பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் ஜலகண்டேஸ்வரர் ஆலயத்து நந்தியும் வெளியே தலைகாட்டும். அவ்வூரை மனிதர் மறந்தாலும் கல் மறக்கவில்லை.

ஆகவே கல்லைக் குறை சொல்வது தகுமா என்று எண்ணிப் பார்ப்போம். ஒரே அறையில் மரப்பலகையும் கருங்கல்லும் இருந்தால் இரண்டும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். தொட்டால் கல்லே குளிரும். காரணம், அது நம் கைச்சூட்டை விரைந்து எடுத்துக்கொள்கிறது. ஆனால் எடுத்ததை அது விழுங்கிவிடுவதில்லை. சித்திரை வெயிலில் காய்ந்த பாறை, இரவு நெடுநேரம் வெப்பத்தைத் திருப்பித் தருவதைச் சேலத்தில் அறியாதவர் யார்? வாங்கியதைத் திருப்பித் தராதது கல்நெஞ்சமே அன்றிக் கல் அன்று.

நம் பாட்டிமார் இதை நன்கு அறிந்திருந்தனர். மாக்கல்லில் கடைந்த சேலத்துக் கல்சட்டியை வாங்கியவுடனே அடுப்பில் ஏற்றமாட்டார்கள். எண்ணெய் தடவி, கஞ்சி ஊற்றி வைத்து, நாள்கணக்கில் பழக்குவார்கள். அவசரப்பட்டால் சட்டி விரிந்துவிடும். பழகிய பின்போ, இறக்கி வைத்த குழம்பு நெடுநேரம் கொதித்துக்கொண்டே இருக்கும். கல்லான நெஞ்சையும் ஒரே நாளில் உருக்கிவிட முடியாது. பொறுமையும் பரிவும் நாள்பட ஊறவேண்டும்.

ஆலயச் சுவர்கள் பல தலைமுறை நிற்கட்டும். அவற்றைப் பார்க்கும்போது, பெயர்ப் பலகையில் இடம்பெறாத கல்லுடைப்போருக்காக ஒரு ஜெபம் சொல்வோம். ஜெபத்தோடு நில்லாமல், அவர்தம் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கிறார்களா, மார்புநோய் கண்டவர் மருத்துவரை அடைந்தாரா என்று விசாரிப்போம். சிறை மதிலின் அப்பாலும் நம் கால்கள் செல்லட்டும். கல்லால் கட்டிய ஆலயத்திற்குள் கல்நெஞ்சோடு அமர்ந்திருந்தோம் என்ற பழி நமக்கு வேண்டாம்.