சிவப்பு மையும் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கும்

நட்டத்தைச் சிவப்பு மையில் எழுதுவது கணக்கர்களின் பழைய வழக்கம். பக்கம் முழுக்கக் கறுப்பு எண்கள் இருந்தாலும் அந்த ஒரு சிவப்பு எண் முதலில் கண்ணில் படும். இந்த வேலையைக் கணினி எப்படிக் கற்றுக்கொண்டது?

1979-ல் ஆப்பிள் II கணினிக்கு விசிகால்க் வந்தது. ஹார்வர்டில் வணிக மேலாண்மை படித்த டான் பிரிக்லினும் அவர் நண்பர் பாப் ஃப்ராங்ஸ்டனும் உருவாக்கியது. அதில் நிறமெல்லாம் கிடையாது. ஆனால் எண்ணுக்குப் பதில் அத்தனை நட்சத்திரக் குறிகளைக் காட்டும் வசதி இருந்தது. 7 என்றால் ஏழு நட்சத்திரம்! 1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3, கூட்டல் கழித்தல் குறிகளை வரிசையாக அடுக்கி அதையே செய்தது.

எக்செல் 97-ல்தான் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் என்ற பெயரில் தனி வசதி வந்தது. "விற்பனை இலக்கைவிடக் குறைந்தால் செல்லைச் சிவப்பாக்கு" என்று சொல்லிவிட்டால் போதும். எண் மாறினால் நிறமும் தானே மாறும். ஒரு செல்லுக்கு மூன்று நிபந்தனைகள் மட்டுமே என்பதுதான் குறை.

எக்செல் 2007 அந்த வரம்பை நீக்கியது. டேட்டா பார், கலர் ஸ்கேல், ஐகான் செட் மூன்றும் அப்போது வந்தவை. பழைய நட்சத்திர வரிசை இப்போது வண்ணப் பட்டையாகிவிட்டது.

ஆனால் அந்தப் பட்டை பொய் சொன்னது. இருப்பதிலேயே சிறிய எண்ணுக்குச் செல்லின் அகலத்தில் 10 சதவீதம், பெரிய எண்ணுக்கு 90 சதவீதம் என்பதே அதன் இயல்பான அமைப்பு. ஒரு கிளையின் விற்பனை 900, இன்னொன்றின் விற்பனை 1000 என்று வையுங்கள். உண்மையில் இரண்டாவது சுமார் 11 சதவீதம்தான் அதிகம். பட்டையிலோ ஒன்பது மடங்கு! மேலாளர் படத்தை மட்டும் பார்த்தால் முதல் கிளையின் கதி என்ன?

எக்செல் 2010 இதைத் திருத்தியது. எண்கள் எல்லாம் நேர்மமாக இருந்தால் பட்டை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எதிர்ம எண்கள் எதிர்த்திசையில் நீளும்.

கலர் ஸ்கேலில் மட்டும் பழைய ஆபத்து இன்னும் உண்டு. 92, 95, 98 என்று மதிப்பெண் இருந்தால், பச்சை-மஞ்சள்-சிவப்பு ஸ்கேல் 92-ஐச் சிவப்பாக்கிவிடும்! மையைத் தொட்டு எழுதிய கணக்கருக்கு எது நட்டம் என்று தெரியும். எக்செல்லுக்கு எது சிறியது என்று மட்டுமே தெரியும். எல்லை எது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும் நண்பர்களே.