நால்வர் செய்த வேலைக்கு எத்தனை மதிப்பெண்?

போடிநாயக்கனூரை அடுத்த பொட்டிபுரம் என்னும் சிற்றூரின் பெயரைத் தமிழகத்தில் பெரும்பாலோர் அறிந்தது நியூட்ரினோ ஆய்வகச் சர்ச்சையால்தான். மலையைக் குடைந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுரங்கப்பாதை. அதன் முடிவில் ஐம்பதாயிரம் டன் எடையில் காந்தமேற்றிய இரும்பு அடுக்குகள். அடுக்குகளுக்கு இடையே ஏறக்குறைய முப்பதாயிரம் கண்ணாடித் தகட்டு உணர்விகள். இதுவே திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அதே ஆண்டு மார்ச்சில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. பிறகு பசுமைத் தீர்ப்பாயம், மறு அனுமதி, மேல்முறையீடு என்று நீண்டு, 2022 பிப்ரவரியில் தமிழக அரசு இத்திட்டம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. வழக்கின் நியாயங்கள் வேறொரு கட்டுரைக்கு உரியவை. (மலைச்சரிவின் நீரும் மதிகெட்டான் சோலையும் அற்பக் கவலைகள் அல்ல என்பதை மட்டும் சொல்லி வைப்போம்.)

நம்மை உறுத்துவது வேறொன்று. இந்த ஆய்வகத்துக்கென்றே 2008 முதல் ஒரு முனைவர் பட்டப் பயிற்சித் திட்டம் நடந்தது. மலை குடையப்படவில்லை, மாணவர்கள் வந்தார்கள், படித்தார்கள், ஆராய்ந்தார்கள், பட்டம் பெற்றார்கள். பல நிறுவனங்கள் கூடிச் செய்ய முனைந்த, ஆனால் எழும்பாத ஒரு வேலையில் தனியொரு மாணவரின் பங்கை எப்படி அளந்தார்கள்?

கேள்வி அத்தனை அயலானதும் அல்ல. அதே போடியில் 2012இல் அரசினர் பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த மற்ற கல்லூரிகளில் போலவே அங்கும் இறுதியாண்டில் மூவரோ நால்வரோ கூடி ஒரு புராஜெக்ட் செய்கிறார்கள். அவர்களில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஓர் எண் போட வேண்டியிருக்கிறது.

நம் கல்விமுறைக்கு இந்தச் சங்கடம் எங்கிருந்து வந்தது? 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தின் வார்ப்பில் உருவானபோது, பாடம் நடத்துவது அதன் வேலையாக இருக்கவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் தருவதே வேலை. தனி மேசை, தனித் தாள், தனிப் பதிவெண். ஏலக்காயை மில்லிமீட்டர் கணக்கில் சலித்துத் தரம் பிரிக்கும் போடிக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு எளிதில் விளங்கும். ஆனால் பொறியியல் அதற்கும் மூத்தது. கிண்டிக் கல்லூரியின் மூலமான நில அளவைப் பள்ளி 1794இல் எட்டு மாணவர்களோடு தொடங்கியது. நில அளவையைத் தனியாளாகச் செய்ய முடியாது. சங்கிலியின் ஒரு முனையை ஒருவர் பிடித்தால் மறுமுனையை இன்னொருவர் பிடித்தாக வேண்டும். கூடிச் செய்யும் தொழிலைத் தனித்தனியே அளக்கும் தேர்வுமுறைக்குள் நுழைத்ததில் விளைந்த பிணக்கு இன்றும் தீரவில்லை.

இணைப்புக் கல்லூரிகளுக்கான அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013ஆம் ஆண்டு ஒழுங்குமுறை இந்தப் பிணக்குக்கு ஒரு விடை சொன்னது. பருவத்தின் இடையே மூன்று மதிப்பாய்வுகள். அவற்றுக்கு 20 மதிப்பெண். புராஜெக்ட் அறிக்கைக்கு 30. வாய்மொழித் தேர்வுக்கு 50. அறிக்கைக்குக் குழுவின் எல்லா மாணவருக்கும் ஒரே மதிப்பெண்தான் தர வேண்டும். வாய்மொழித் தேர்வில் அவரவர் திறமைக்கு ஏற்ப அவரவருக்கு. ஊராருக்குப் பொதுவாய் முப்பது, தலைக்குத் தலை ஐம்பது.

முதற்பாதியில் ஒரு நியாயம் இருப்பதாகவே நாம் கருதுகிறோம். அறிக்கை ஒன்றுதான், அதற்கு நான்கு விதமாக மதிப்பெண் போடுவது ஒரே வீட்டை நான்கு விலைக்கு மதிப்பிடுவது போலாகும். இடறுவது இரண்டாவதில். வாய்மொழித் தேர்வு, வேலை செய்தவரையும் வேலையைப் பற்றிப் பேசத் தெரிந்தவரையும் பிரித்துக் காட்டுவதில்லை. இரவெல்லாம் சுற்றுப்பலகையில் பற்றவைத்துக்கொண்டிருந்த மாணவி, மலைச்சரிவுத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகளாக, தமிழ்வழியில் படித்து வந்தவளாக இருக்கக்கூடும். வெளித் தேர்வாளர் ஆங்கிலத்தில் கேட்கும் முதல் கேள்விக்கே அவள் நா உலரும். அவள் செய்ததை வாசித்துவிட்டு வந்த தோழன் தடையின்றி விளக்குவான். ஐம்பது மதிப்பெண் அந்தச் சில நிமிடங்களில்.

உழைக்காதவர் ஒளிந்துகொள்வார் என்ற அச்சமே தனி மதிப்பெண்ணுக்கு அடிப்படை. அச்சம் பொய்யன்று. மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்ததை 1913இல் வெளியிட்டார்: எண்மர் சேர்ந்து இழுத்தபோது, தலைக்குக் கிடைத்த விசை தனியாள் விசையில் பாதியளவே. ஆனால் அந்த இழப்பு முழுவதும் சோம்பல் அல்ல. எல்லாரும் ஒரே கணத்தில் இழுக்காததாலும் விசை வீணாகிறது. தேர் இழுத்த ஊர்களுக்கு இது தெரியும். தேரில் இன்னொருவரும் உண்டு: கயிற்றைத் தொடாமல், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர். அவரில்லையேல் தேர் தெருமுனை திரும்பாது. இழுவிசையை மட்டும் அளப்பவர் அவருக்குச் சுழியம்தான் போடுவார்.

2014இல் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையில் நிரந்தர உறுப்பினரான காலத்தில், தேசிய அங்கீகார வாரியம் பட்டதாரிக்கு வேண்டிய பன்னிரண்டு பயன்களைப் பட்டியலிட்டது. அவற்றுள் ஒன்று ‘தனிநபராகவும் குழுவாகவும் பணியாற்றல்’. அதன்பின் கல்லூரிகளில் அட்டவணைகள் பெருகின. குழுப்பணிக்கு என்று ஒரு கட்டம், அதில் ஓர் எண். கட்டத்தை நிரப்புபவர் வேலை நடந்தபோது அங்கிருந்தாரா என்பதை எந்த அட்டவணையும் கேட்பதில்லை.

பொட்டிபுரத்தின் மூதாதை கோலார். 1965இல் கோலார் தங்கவயலில், தரைக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, விண்வெளிக் கதிர்கள் வளிமண்டலத்தில் உண்டாக்கும் நியூட்ரினோக்களின் தடயம் கிடைத்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியான கட்டுரையில் பதினொரு பெயர்கள்: மும்பை டாடா நிறுவனத்தவர் ஐவர், ஒசாகாவினர் இருவர், டர்ஹாமினர் நால்வர். ஒவ்வொரு நிறுவனத்துக்குள்ளும் ஆங்கில அகரவரிசை. அதனால் ஆச்சார் முதலில் வருகிறார். மூத்தவர்களான மேனனும் ஸ்ரீகண்டனும் அவருக்குப் பின்னே. யார் எவ்வளவு செய்தார் என்று அந்த வரிசை சொல்வதில்லை. சொல்ல மறுப்பதே அதன் நாகரிகம். அதே வேளையில் தென்னாப்பிரிக்கச் சுரங்கமொன்றில் இதையே கண்ட குழுவின் தலைவர் பிரெடரிக் ரைன்ஸ், 1956இல் கிளைட் கோவனோடு சேர்ந்து நியூட்ரினோவை முதலில் உறுதிசெய்தவர். அதற்கான நோபல் பரிசு 1995இல் வந்தது. கோவன் 1974இலேயே இறந்துவிட்டார். இருவர் செய்த வேலை, ஒருவர் பெற்ற பரிசு.

2015இல் ஹிக்ஸ் துகளின் நிறையை அறிவித்த கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,154 பேர். முப்பத்துமூன்று பக்கங்களில் ஆய்வுக்கு ஒன்பது. மிச்சமெல்லாம் பெயர்களும் முகவரிகளும். அங்கே பெயர் இருப்பது வருகைப்பதிவுக்குச் சற்று மேல், அவ்வளவே. ஒருவரின் உண்மையான பங்கு உள்குறிப்புகளிலும், உடன் உழைத்தவர் எழுதும் பரிந்துரைக் கடிதங்களிலுமே துலங்குகிறது. மதிப்பிட வல்லவர் அருகில் இருந்தவர்தான் என்பதை இயற்பியலாளர்கள் சொல்லாமலே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நம் கல்லூரிகளில் தோழர் ஒருவரையொருவர் மதிப்பிடும் முறை இன்னும் விளையாட்டுப் பேச்சாகவே இருக்கிறது. நட்பும் பகையும் சாதியும் அதில் புகும் என்பது உண்மைதான். வெளித் தேர்வாளரின் சில நிமிடங்களில் அவை புகவில்லையா என்ன?

பொட்டிபுரத் திட்டத்தின் மாணவர்கள் தம் திட்டத்தின் வெற்றியைக் கொண்டு அளக்கப்படவில்லை. பாடத் தேர்வுகள் முடிந்தபின் ஒவ்வொருவரும் பெருவேலையின் ஒரு துண்டை எடுத்துக்கொண்டனர். ஒருவருக்கு மியூவான் செல்லும் திசையைக் கணினியில் கணித்தல். இன்னொருவருக்குக் கண்ணாடி உணர்வியின் வாயுக் கலவை. ஆய்வேட்டில் பெயர் ஒன்று. கூட்டுக் கட்டுரைகளில் அகரவரிசை. வராத கருவி எப்படி நடந்துகொள்ளும் என்பதை அவர்கள் எழுதினார்கள். அது சரியாக எழுதப்பட்டதா என்று மட்டுமே தேர்வாளர்கள் கேட்க முடிந்தது. 2018இல் மதுரையில் 85 டன் எடையில் ஒரு சிறு மாதிரிக் கருவி இயங்கத் தொடங்கியது. திட்டமிட்டதில் ஏறக்குறைய அறுநூறில் ஒரு பங்கு. மலைக்குள் இல்லை, தரைமேல். அண்டக் கதிர் மியூவான்கள் அதன் வழியே சென்று பதிவாயின.