கச்சேரிப் படங்களில் அசைவின்மை: ஒரு மறுவாசிப்பு

பழைய கச்சேரிப் படங்கள் என்று இசைவிழா மலர்களிலும் சபா நடைக்கூடங்களிலும் இன்று காட்டப்படுபவற்றுள் பல, கச்சேரி நடக்கும்போது எடுத்தவை அல்ல. வித்வான் நடுவில் நாற்காலியில் இருப்பார். பக்கவாத்தியக்காரர் இருபுறமும் அமர்ந்திருப்பர். சீடர்கள் பின்வரிசையில் நிற்பர். ஸ்டூடியோவிலோ வீட்டு முற்றத்துப் பகல் வெளிச்சத்திலோ எடுத்த குழுப்படங்கள் அவை. மேடையில் கலைஞர் எப்படி இருந்தார் என்பதற்கு இவற்றைச் சான்றாக்குவதில் பெரிய சிக்கல் உண்டு.

இந்தச் சிக்கலைப் பேசப் புகுமுன் அமாண்டா வைட்மனின் ஆய்வை எதிர்கொண்டாக வேண்டும். 2003இல் அவர் வெளியிட்ட கட்டுரையும், 2006இல் வந்த நூலும் தென்னிந்திய இசை வரலாற்றில் தவிர்க்கவியலாதவை. தேவதாசி மரபுப் பெண்கள் பாடிவந்த மேடைக்குப் பிராமணக் குடும்பப் பெண்கள் வந்து சேர்ந்த காலத்தில், பாடுபவளின் உடல் பின்னுக்குப் போய்க் குரல் மட்டும் முன்னிறுத்தப்பட்டது என்பது அவர் வாதம். கையசைவும் முகபாவமும் இசைக்குப் புறம்பானவை, அடக்கத்துக்கு ஒவ்வாதவை என்றாயின. கிராமபோனும் மைக்கும் குரலை உடலிலிருந்து பிரித்துக் கேட்கும் பழக்கத்தை வளர்த்தன என்கிறார் அவர்.

காஞ்சிபுரத்துச் சான்று ஒன்றே இந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கும். 1919இல் அங்கே பிறந்த பாடகி டி. கே. பட்டம்மாளின் தாயார் நன்றாகப் பாடக்கூடியவர். உறவினர், நண்பர் முன்னிலையில்கூடப் பாட அவருக்கு அனுமதியில்லை. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து மேடையேறிய பெண் எந்த அளவு அடக்கத்தோடு உட்கார வேண்டியிருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமில்லை. ஆகவே வைட்மனின் மையக் கருத்தோடு இங்கே பிணக்கில்லை. பிணக்கு வேறிடத்தில். அவர் வாசிப்பை நிழற்படங்களுக்கு நீட்டி, 1930களின் படங்களில் காணும் நிமிர்ந்த முதுகையும் மடியில் கிடக்கும் கையையும் அந்த அடக்கத்தின் பதிவாகக் கொள்ள முடியுமா? முடியாது என்பதே இக்கட்டுரையின் நிலை.

காரணம் வெளிச்சம். கச்சேரிகள் மாலையிலும் இரவிலும் நடந்தன. அன்றைய படச்சுருளின் உணர்திறனுக்குப் பந்தல் விளக்குகளின் ஒளி போதாது. ஷட்டர் நெடுநேரம் திறந்திருந்தால் அசையும் கை புகைபோலக் கலைந்துவிடும். வெளிச்சம் கூட்ட மக்னீசியப் பொடியைக் கொளுத்தலாம். தென்னங்கீற்றுப் பந்தலுக்குள், ஆலாபனைக்கு நடுவே, வெடித்துப் புகையும் பொடியை எந்த நிர்வாகி அனுமதித்திருப்பார்? கண்ணாடிக் குமிழுக்குள் எரியும் பிளாஷ் பல்பு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்ததே 1929இல்தான். கேமரா முன் ஆணும் பெண்ணும், பிராமணரும் இசை வேளாளரும், எல்லோரும் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது.

இதை உறுதிப்படுத்தும் ஒரு படத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பாடகி எம். எஸ். சுப்புலட்சுமியும் நடனக் கலைஞர் டி. பாலசரஸ்வதியும் இளம்பெண்களாக இருந்தபோது எடுத்துக்கொண்ட படம் அது. இருவரும் கோடுபோட்ட மேல்நாட்டு இரவு உடையில், சிகரெட்டுடன் தோற்றம் தருகிறார்கள். 1937 என்று ஆண்டு குறிக்கப்படுகிறது. அது சரியானால் எம். எஸ்.ஸுக்கு இருபது அல்லது இருபத்தொன்று, பாலாவுக்குப் பதினெட்டு அல்லது பத்தொன்பது வயது. பாலாவின் மருமகன் டக்ளஸ் நைட் எழுதிய வாழ்க்கை வரலாறு 2010இல் வெளிவந்ததையொட்டி இப்படம் பரவலாகப் பேசப்பட்டது. அப்போது பேச்செல்லாம் சிகரெட்டைச் சுற்றியே ஓடியது.

கவனிக்க வேண்டியது அவர்கள் இருக்கும் இருப்பு. மேடைப் பெண்ணின் அடக்கம் எதையும் இவர்கள் ஏற்கவில்லை. தங்கள் உடலை விரும்பியபடி அலங்கரித்து, விரும்பியபடி நிறுத்தியிருக்கிறார்கள். அப்படியும் படத்தில் அசைவில்லை. விளையாட்டுக்கு எடுத்த படத்துக்கும் வீணையோடு எடுத்த படத்துக்கும் அசைவின்மை பொது என்றால், அது அடக்கத்தின் அடையாளமாக முடியாது. ஒரே ஒரு படத்தின் மீது இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்கலாம். ஏற்றலாம்: பொதுவிதியாகச் சொல்லப்படும் ஒன்றை அசைக்க ஒரு தெளிவான மறுசான்று போதும்.

பாடகர் காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் நிலை இன்னும் கூர்மையானது. 1934இல் மறைந்த அவர் கிராமபோன் தட்டுகளில் பாடவில்லை. மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று லய வாத்தியங்கள் நிரம்பிய ‘புல் பெஞ்ச்’ கச்சேரிக்குப் பேர்போனவர். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையும் மன்னார்குடி பக்கிரியா பிள்ளையும் அந்த வரிசையில் அமர்ந்தவர்கள். காஞ்சியில் அவர் நடத்திய தியாகராஜ உற்சவத்தில்தான் சிறுமி பட்டம்மாள் பாடல்களைக் கேட்டுக் கேட்டுப் பாடம் செய்தார். அந்த மேடையில் மிகக் குறைவாக அசைந்தது எதுவோ, அதை மட்டுமே அன்றைய கேமரா பிடித்திருக்கும். கஞ்சிராவின் மீது பாயும் விரல்களைப் பிடித்திருக்காது. லயத்தையே உயிராகக் கொண்ட ஒரு கச்சேரி முறை, தட்டிலும் படத்திலும் ஒருசேர விடுபட்டுப்போனது. அந்த இழப்பைக் கலைஞரின் அடக்கமாகப் பொருள்கொள்வது அநீதி.

கேமராவால் முடியாததைப் பென்சில் செய்தது. 1930களில் ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் எழுத்தாளர் கல்கி இசை விமர்சனம் எழுத, ஓவியர் மாலி வித்வான்களைக் கோட்டோவியமாக வரைந்தார். பாடும் வாயின் கோணல், தலையின் சாய்வு, கை எழும்பும் விதம் எல்லாம் வாசகருக்குக் கிடைத்தது அந்தக் கோடுகளில்தான். மேடையசைவின் வரலாற்றை எழுதுபவர் ஸ்டூடியோ படங்களை ஒதுக்கிவைத்துவிட்டு மாலியிடமிருந்து தொடங்குவது நல்லது.

கேமராவின் இந்த இயலாமை பின்னர்தான் குறையத் தொடங்கியது. கோடாக் நிறுவனம் ‘ட்ரை-எக்ஸ்’ படச்சுருளை 35 மில்லிமீட்டர் அளவில் 1954இல் கொண்டுவந்தது. மேடை விளக்கிலேயே ஓரளவு விரைவாகப் படமெடுக்க அது உதவியது. சென்னைப் பத்திரிகைப் படக்காரர்களின் கையில் அது எந்த ஆண்டில் சாதாரணமாகப் புழங்கத் தொடங்கியது என்பதை இப்போதைக்கு அறுதியிட முடியவில்லை. உதகையில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 1967இல். அதற்கு முன் படச்சுருளுக்கு இறக்குமதியையே நம்ப வேண்டியிருந்தது. எனவே மேடையசைவைப் படங்களில் தேடுவதற்கு 1954 தொடக்க எல்லை மட்டுமே. அறுபதுகளின் நடுப்பகுதி வரை தள்ளிப்போட இடமுண்டு.

இந்த எல்லைக்குப் பிறகு வைட்மனின் வாதம் படங்களிலும் உயிர்பெறுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயரின் பிற்காலப் படங்களில் கைகள் காற்றில் இருக்கின்றன. அதே காலத்து எம். எஸ். படங்களில் கை தொடையில் தாளமிடுகிறது, முதுகு நிமிர்ந்திருக்கிறது. அசைவைப் பிடிக்கும் வசதி வந்த பிறகும் ஒருவர் அசையவில்லையென்றால், அப்போதுதான் அது தேர்ந்துகொண்ட ஒழுக்கமாகிறது. 1966 அக்டோபர் 23 அன்று எம். எஸ். ஐ.நா. பொதுச்சபை மண்டபத்தில் பாடியபோதைய படங்களை அப்படி வாசிக்கலாம்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். பழைய ஆர்த்தோகுரோமாடிக் படச்சுருள் சிவப்பை உணராது. அதில் அரக்குப் பட்டும் குங்குமப் பொட்டும் கறுத்துப்போகும், நீலம் வெளுத்துவிடும். பின்னால் வந்த பான்குரோமாடிக் சுருள் இதைத் திருத்தியது, ஆனாலும் கிடைத்தது சாம்பல் சாயல்களே. காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் எம். எஸ்.ஸுக்காக நெய்துதந்த நீலம் ‘எம்.எஸ். புளூ’ என்று பெயர் பெற்றது. அந்த நிறத்தைப் பரப்பியதில் கறுப்பு வெள்ளைக் கச்சேரிப் படங்களுக்குப் பங்கில்லை. சபாவில் நேரில் பார்த்த பெண்கள் ஜவுளிக்கடையில் பெயர் சொல்லிக் கேட்டுத்தான் அது பரவியிருக்க வேண்டும். உடல் மறைக்கப்பட்டது என்று சொல்லப்படும் அதே மேடையில், உடுத்திய புடவை இவ்வளவு கூர்ந்து பார்க்கப்பட்டிருக்கிறது. வைட்மனின் வாதத்துக்குள் இந்தப் பார்வையை எங்கே வைப்பது என்ற கேள்விக்குப் படங்களைவிடக் காஞ்சி நெசவாளரின் ஆர்டர் கணக்குகள் கூடுதலாக உதவக்கூடும்.